கப்பலேறும் முன்

உல்லாசக் கப்பலுக்கு முன்பதிவு செய்ய வருகிறவர்கள் முகவரிடம் வழக்கமாகக் கேட்பது, தலைக்கு எவ்வளவு ஆகும், சைவச் சாப்பாடு கிடைக்குமா, அறையில் ஜன்னல் உண்டா என்பவைதான். அவற்றில் தப்பில்லை. ஆனால் எழுபதைத் தாண்டிய அப்பாவையும், முழங்கால் வலியோடு படியேறும் அம்மாவையும் முதன்முறையாகக் கடலுக்குக் கூட்டிப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றை நாம் கேட்பதில்லை. நாம் கேட்காததால் முகவரும் சொல்வதில்லை. அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு, பணி ஓய்வு பெற்ற கையோடு பெற்றோரைக் கப்பலில் அழைத்துப் போவது நம் குடும்பங்களில் வழக்கமாகி வருகிறது. நல்ல வழக்கம். அது நல்லபடியாக முடிய வேண்டும் என்ற அக்கறையில் இதை எழுதுகிறேன்.

நமக்குப் பக்கத்தில் இருப்பவை இரண்டு வழிகள். ஒன்று சென்னைத் துறைமுகம். 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ கப்பல் இங்கிருந்து விசாகப்பட்டினத்துக்குப் போகத் தொடங்கியது. 2023 ஜூனில் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போனது. 1990இல் பிரான்சில் கட்டப்பட்ட கப்பல் அது. மும்பைப் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இந்தப் பக்கம் வந்தது. மற்றொரு வழி, விமானத்தில் சிங்கப்பூர் போய் அங்கே மரினா பே முனையத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டு மூன்று நான்கு இரவுகளில் திரும்புவது. 2024 செப்டம்பரில் மத்திய அரசு ‘குரூஸ் பாரத்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 2029க்குள் கப்பல் சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கப் போவதாக அறிவித்தது. ஆகவே கப்பல் பயண விளம்பரங்கள் இனி நம் கைபேசிக்கு இன்னும் அதிகமாகவே வரும்.

விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கினால் ஒருவருக்கு ஆகும் கட்டணம். கணவரை இழந்து தனியாகப் போகும் தாய்க்கு அந்த விலை கிடையாது. அறையின் கிட்டத்தட்ட முழு விலையையும் அவர் ஒருவரே கட்ட வேண்டியிருக்கும். துறைமுகக் கட்டணமும் வரியும் அதற்குமேல். பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம் பெரிய பன்னாட்டு நிறுவனங்களின் கப்பல்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர். பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் சாப்பாடு கட்டணத்தில் சேர்த்தி. குளிர்பானம், மது, இணையம், தனி உணவகம், கரையில் இறங்கி ஊர் சுற்றும் பேருந்து எல்லாவற்றுக்கும் தனிக் காசு. ஏறியதும் கையில் தரும் அட்டையே அறைச் சாவி, அதுவே அடையாளச் சீட்டு, அதுவே பணப்பை. நீட்டிய இடமெல்லாம் செல்லும் என்பதால் செலவு கண்ணில் படாது. கடைசி நாள் காலையில்தான் பில் வரும். கரை மறைந்த பிறகும் கைபேசியை ஃப்ளைட் மோடில் போடாதவர்களுக்கு, கடல்வழி ரோமிங் கட்டணம் என்று இன்னொரு பில் வீட்டுக்கே வரும். அதனால் முகவரிடம் ஒரு தொகையைத்தான் கேட்க வேண்டும்: வீட்டைப் பூட்டிக் கிளம்பியதிலிருந்து திரும்பி வந்து திறக்கும்வரை எங்கள் நான்கு பேருக்கும் மொத்தம் எவ்வளவு? அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குகிற முகவரிடம் பணம் கட்டாதீர்கள்.

சிங்கப்பூரில் ஏறுகிறவர்கள் விசாவிலும் கவனமாக இருக்க வேண்டும். கப்பல் அந்த நாட்டை விட்டு வெளியேறி மறுபடி உள்ளே வருவதால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். ஒருமுறைக்கான விசாவோடு போனால் முனையத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

பெட்டி கட்டும்போது நம் வீடுகளுக்கே உரிய சில சங்கடங்கள் உண்டு. வாழையிலையில் கட்டிய புளியோதரையையும் எலுமிச்சை சாதத்தையும் கப்பலுக்குள் விடமாட்டார்கள். வீட்டில் சமைத்த எதற்கும் அனுமதி இல்லை என்பதே பெரும்பாலான கப்பல்களின் விதி. வெந்நீர் கெட்டிலும் இஸ்திரிப் பெட்டியும் கூடாது. அகல் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் கூடவே கூடாது. குளித்து விளக்கேற்றிக் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர் பல்லில் படாதவர்கள் நம் பெரியவர்களில் எத்தனையோ பேர். ஸ்கேனர் இயந்திரத்தின் முன்னால், நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, பூஜைப் பொருள்களை ஒரு காவலர் எடுத்து ஓரமாக வைப்பதைப் பார்க்கிற அம்மாவின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அதை வீட்டிலேயே பக்குவமாகச் சொல்லிப் புரியவைத்துவிட வேண்டும். காரணத்தையும் சொல்ல வேண்டும். நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. தீப்பிடித்தால் அணைக்கப் போகிறவர்கள் கப்பலில் இருக்கும் பணியாளர்கள்தான்.

கப்பல் பயணமும் அதன் ஆபத்தும் தமிழர்களுக்குக் கேள்விப்படாதவை அல்ல. 1926இல் கட்டிய ‘ரஜுலா’ என்ற கப்பல் எழுபதுகளின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றும் உரிமம் அதற்கு இருந்தது. தளப் பயணி என்றால் அறை இல்லாதவர். பாய் விரித்த இடமே அவருக்கு அறை. ஏறத்தாழ ஒரு வாரம் அப்படிப் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்தவர்களில் பலர், பினாங்குக்குப் பக்கத்தில் உள்ள ஜெரஜாக் தீவிலோ சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவிலோ நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்ட பிறகுதான் ஊருக்குள் கால் வைத்தார்கள். ரஜுலாவுக்குப் பின் அந்த வழியில் ஓடியது ‘எம்.வி. சிதம்பரம்’. 1985 பிப்ரவரியில் அது கடலில் தீப்பிடித்து உயிர்கள் போயின. அந்தப் போக்குவரத்தும் அத்தோடு நின்றுபோனது. இன்று அதே கடலில் நான்கு இரவு உல்லாசமாகப் போய்வருகிற குடும்பங்கள் பலவற்றில், ரஜுலாவிலோ சிதம்பரத்திலோ போன ஒரு தாத்தா இருந்திருப்பார். பாய் விரித்த அவருக்குத் தான் கடலில் இருக்கிறோம் என்ற நினைவு ஒரு நிமிடம்கூட மறந்திருக்காது. இன்றைய கப்பலோ அந்த நினைவே வராதபடி கட்டப்படுகிறது. லிஃப்ட், கடைத்தெரு, நாடக அரங்கு, நீச்சல் குளம் என்று எல்லாம் இருக்கும் அந்தக் கட்டடம் மிதக்கிறது என்பதே பயணிக்கு உறைப்பதில்லை. முதல்முறை போகிறவருக்கு உண்மையான ஆபத்து அங்கேதான் என்பது என் எண்ணம்.

ஏனென்றால், மிதக்கிறோம் என்ற நினைவு இல்லாதவர் ஒன்றைப் பொருட்படுத்துவதில்லை. ஏறிய முதல் நாள், கப்பல் நங்கூரம் எடுப்பதற்கு முன்போ எடுத்த உடனேயோ ஒரு பயிற்சி நடக்கும். ஏழு முறை குறுகியதாகவும் ஒருமுறை நீளமாகவும் ஊதல் ஒலித்தால் ஆபத்து என்று பொருள். உடனே ஒவ்வொருவரும் தமக்கு ஒதுக்கப்பட்ட கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தின் குறி கையிலுள்ள அட்டையில் அச்சாகியிருக்கும். உயிர்காப்பு உடையை எப்படிப் போடுவது, எந்தப் படகில் ஏறுவது என்பதை அங்கே காட்டுவார்கள். கொரோனாவுக்குப் பின் பல கப்பல்களில் இதைச் சுருக்கிவிட்டார்கள். பாதுகாப்பு வீடியோவைக் கைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பார்த்துவிட்டு, கூடுமிடத்துக்குப் போய் அட்டையைக் காட்டிப் பதிந்துவிட்டு வந்தால் போதும்.

நடப்பது என்ன? அப்பாவின் கைபேசியை மகன் வாங்கி, வீடியோவை ஓடவிட்டு, முடிந்ததும் ‘பார்த்துவிட்டேன்’ என்ற பொத்தானைத் தன் விரலாலேயே அழுத்திக் கொடுத்துவிடுகிறான். அப்பா எதையும் பார்க்கவில்லை. அம்மா, ஆங்கிலத்தில் ஏதோ ஓடுகிறது என்று விட்டுவிடுகிறார். கூடுமிடத்தில் பணியாளர் அட்டையை ஸ்கேன் செய்கிறார். இருவரையும் லிஃப்டில் ஏற்றிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அழைத்துப் போய்விடுகிறோம். ஆனால் உண்மையான ஆபத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. முழங்கால் வலிக்காரர் ஐந்தாறு தளங்களைப் படிக்கட்டில்தான் கடக்க வேண்டும். எந்தப் படிக்கட்டு என்பது அவருக்குத் தெரியாது. நடக்கச் சிரமப்படுகிறவர்கள் முதல் நாளே வரவேற்பு மேசையில் சொல்லி வைத்தால், ஆபத்து நேரத்தில் உதவிக்கு ஆள் அனுப்ப ஏற்பாடு உண்டு. இதைச் சொல்லி வைக்கிற பிள்ளைகள் குறைவு.

2012 ஜனவரி 13. இத்தாலியில் கிலியோ தீவை ஒட்டி ‘கோஸ்டா கான்கார்டியா’ என்ற உல்லாசக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதில் இருந்தவர்கள் நாலாயிரத்து இருநூறுக்கு மேல். இரவு 9.45 மணிவாக்கில், சாப்பாட்டு நேரத்தில், பாறையில் மோதி அடிவயிறு கிழிந்தது. மின்சாரக் கோளாறு என்றுதான் பயணிகளுக்கு முதலில் அறிவித்தார்கள். கப்பலைக் கைவிடும் ஆணை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் கப்பல் சாயத் தொடங்கிவிட்டதால் ஒரு பக்கத்துப் படகுகளைச் சரியாக இறக்க முடியாமல் போயிற்று. 32 பேர் இறந்தார்கள். கப்பல் தலைவருக்கு 16 ஆண்டு சிறை. அன்று மாலைதான் சிவிதவெக்கியா துறைமுகத்தில் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு அந்தப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. ஏறிய 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. மறுநாள் நடத்தலாம் என்றிருந்தார்கள். டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914இல் உருவாகி, பின்னர் பலமுறை திருத்தப்பட்டு வந்த ‘சோலாஸ்’ என்னும் கடல் உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில், புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்ற திருத்தம் 2015 ஜனவரி 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. நாம் பொத்தானை அழுத்தித் தள்ளிவிடுகிற அந்தப் பத்து நிமிடம் அவ்வளவு உயிர்களுக்குப் பின் வந்தது.

இறந்த 32 பேரில் ஒருவர் இந்தியர். மும்பைப் பக்கத்திலிருந்து போய் அங்கே உணவு பரிமாறியவர். பயணிகளை வெளியேற்றும் வேலையில் இருந்ததைத்தான் கடைசியாகப் பார்த்திருக்கிறார்கள். கடைசிவரை கிடைக்காமல் இருந்தது அவர் உடல்தான். கப்பலை ஜெனோவாவுக்கு இழுத்து வந்து உடைக்கும்போது, 2014 நவம்பரில், எட்டாம் தளத்து அறை ஒன்றில் எச்சங்கள் கிடைத்தன.

அவரைப் போன்றவர்களால்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. கப்பலில் அறையைச் சுத்தம் செய்கிறவரின் சட்டையில் பெயரும் நாடும் எழுதிய பட்டை இருக்கும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று மாறி மாறிப் படிக்கலாம். கோவா, கேரளம், நம் தூத்துக்குடி, நாகர்கோவில் பிள்ளைகளும் இருப்பார்கள். நீங்கள் காலைச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் படுக்கை விரிப்பு மாறியிருக்கும். இரவு வந்தால் துண்டை மடித்து ஒரு குரங்கோ யானையோ செய்து கட்டிலில் வைத்திருப்பார், பேரக்குழந்தை துள்ளும். அதைச் செய்தவர் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், வார விடுமுறை இல்லாமல் வேலை செய்கிறவர். 2006இல் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு தர வேண்டும் என்கிறது. அதாவது சராசரியாக நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வேலை வாங்கினாலும் சட்டப்படி சரிதான். கப்பல் பஹாமாஸிலோ பனாமாவிலோ பதிவாகியிருக்கும். அவருடைய கூலியும் வழக்கும் அந்த நாட்டுக் கொடியின் கீழ்தான். பயணிகளின் தளங்களுக்கும் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், இன்னொருவரோடு படுத்து எழுகிறார்.

2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பலைக் கொரோனாவுக்காக 3,711 பேரோடு நிறுத்தி வைத்தபோது இந்த ஏற்பாட்டின் முகம் தெரிந்தது. பயணிகளை அறைக்குள் அடைத்து வைத்தார்கள். அறை அறையாகச் சாப்பாடு கொண்டுபோனது பணியாளர்கள். அவர்கள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, வேலையைத் தொடர்ந்தார்கள். தொற்று 712 பேருக்கு. அந்தக் கப்பலில் இருந்த 138 இந்தியர்களில் 132 பேர் பணியாளர்கள். பயணிகள் ஆறு பேர்தான்.

இந்த நிலையில், கடைசி இரவு வரவேற்பு மேசைக்குப் போய், ‘சேவை எங்களுக்குப் பிடிக்கவில்லை, சேவைக் கட்டணத்தை எடுத்துவிடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொள்வதைச் சிலர் சாமர்த்தியம் என்று மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறார்கள். பல நிறுவனங்களில் கேட்டால் எடுத்தும் விடுவார்கள். அந்தக் காசு முதலாளியின் லாபத்திலிருந்து போவதில்லை. துண்டில் யானை செய்தவரின் கூலியிலிருந்து போகிறது. இது அநியாயம். அந்தத் தொகையைக் கட்ட முடியாத நிலையில் இருப்பவர் அந்தப் பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடலாம்.

உடல்நலம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கப்பலில் மருத்துவர் உண்டு, மருத்துவமனை கிடையாது, கட்டணமும் அதிகம். நெஞ்சுவலி என்றால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கே ஆகும் செலவு உங்களுடையது. நம் ஊர் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய ஆஞ்சியோ எதையும் மறைக்காமல் எழுத வேண்டும், மறைத்தால் பணம் வராது. மாத்திரைகளைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள், அந்தப் பெட்டி அறைக்கு வந்துசேர மாலையாகிவிடும். தலைசுற்றல் உள்ளவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு அருகில் அறை கேளுங்கள்; ஆட்டம் குறைவாக இருக்கும்.

போகிற ஊர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றும் கடலும் சரியில்லை என்றால் ஒரு துறைமுகத்தையே விட்டுவிட்டுப் போகத் தலைவருக்கு உரிமை உண்டு. அப்படிப் போனால் பெரும்பாலும் துறைமுகக் கட்டணத்தைத் தவிர வேறு எதுவும் திரும்பக் கிடைக்காது என்பதை நாம் படிக்காமல் கையெழுத்திடும் ஒப்பந்தம் சொல்கிறது. இறங்கிய இடத்தில் நேரமும் சில மணிதான். தாமதமாகத் திரும்புகிறவருக்காகக் கப்பல் காத்திருக்காது. அந்தச் சில மணி நேரத்தில் எந்த ஊரையும் பார்த்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2023 ஜூன் 16 அன்று எம்பிரஸ் காங்கேசன்துறையில் வந்து நின்றபோது, அதைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு மக்கள் 1990இல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக வேலியிடப்பட்ட நிலத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைத்திருந்தது; எல்லாம் கிடைத்துவிடவில்லை. அந்த வழியே பேருந்தில் போகிற தமிழ்ப் பயணிக்கு, ஜன்னலுக்கு வெளியே இருப்பது என்ன நிலம் என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். போகும் முன் படித்துவிட்டுப் போங்கள்.

கடைசியாக, கேட்டே ஆக வேண்டிய ஒன்று. பயணிகளுக்கான பாதுகாப்பு விளக்கம் அவர்களுக்குப் புரியக்கூடிய ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட மொழிகளில் இருக்க வேண்டும் என்று சோலாஸ் ஒப்பந்தமே சொல்கிறது. சென்னைத் துறைமுகத்தில் தமிழ்ப் பயணிகளை ஏற்றுகிற எந்தக் கப்பலிலும், சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களை நம்பி விற்கிற கப்பல்களிலும் அந்த மொழிகளில் ஒன்று தமிழாக இருக்க வேண்டும். அரசுக்குத் திட்டம் இருக்கிறது, துறைமுகத்துக்கு முனையம் இருக்கிறது. இந்த ஒரு நிபந்தனையைப் போடுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. முன்பதிவு செய்யும்போது நீங்களும் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்: பாதுகாப்பு வீடியோ தமிழில் உண்டா? இல்லையென்று பதில் வந்தால் அதையும் பதிவு செய்து துறைமுக நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். தமிழ் வீடியோ வரும்வரை, ஏறிய அன்றே, அறையிலிருந்து கூடுமிடம்வரை அப்பாவையும் அம்மாவையும் படிக்கட்டு வழியாக ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். உயிர்காப்பு உடையை எடுத்து அவர்கள் கையாலேயே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்கு அதற்குப் பிறகு போகலாம்.